கூனிமலையில் பதினோரு பேர்

நவம்பர் 27, திங்கள்

இந்த நோட்டை இன்று காலை ஆபீசில் கொடுத்தார்கள். அட்டையில் ஒரு மலை, ஒரு சூரியன், கீழே 'வேலையும் வாழ்வும்' என்று பொன்னெழுத்து. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மலையேற வேண்டுமாம். கட்டாயமாம். ஏறி இறங்கிய பிறகு மனதில் தோன்றுவதை இதில் எழுத வேண்டுமாம். "யாரும் வாங்கிப் படிக்க மாட்டோம், மனசு விட்டு எழுதுங்க" என்று ஹெச்.ஆர். பெண் சிரித்தாள். பத்தொன்பது வருடமாக கம்பெனிகளில் குப்பை கொட்டுகிறேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்லித்தான் எல்லாவற்றையும் வாங்கிப் படித்திருக்கிறார்கள்.

சரி, படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். பெயர் செண்பகவல்லி. வயது நாற்பத்து நாலு. ஊர் கோவில்பட்டி, பிழைப்பு கோயம்புத்தூர். கணவர் துபாயில், மகள் திருச்சி ஹாஸ்டலில். ஜெர்மனியில் இருக்கும் ஒரு மருந்துக் கம்பெனிக்கு மென்பொருள் பார்த்துக்கொள்ளும் டீமுக்கு நான் லீட். ரத்த அழுத்தம் நூற்றறுபது.

போன மாதம் நாலாவது மாடியில் முப்பத்தோரு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து செத்துப்போனான். கீபோர்டில் கை வைத்தபடியே கிடந்தானாம். அந்தச் செய்தி கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு மலர்வளையம் வைத்த கையோடு கம்பெனி இந்த நோட்டை அச்சடித்திருக்கிறது. எனக்கு மலையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க நேரம் கிடைத்தால் போதும்.

டிசம்பர் 2, சனி

கூனிமலை. காலை ஆறரைக்கு அடிவாரம். ஒரு மலையேற்றக் குழுவிடம் கம்பெனி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. வழிகாட்டியாக நஞ்சன் என்று ஒருவர் வந்தார். பக்கத்து மலைக் குடியிருப்பில் இருக்கிறார், முப்பத்தைந்து வயது இருக்கும், செருப்பு கூடப் போடவில்லை. அடிவாரத்தில் எல்லோரும் போனை ஒரு துணிப்பையில் போட்டு வேனில் வைத்துவிட வேண்டும். அதுதான் விதி. போனைக் கொடுத்ததும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பத்து தடவை இடுப்பைத் தடவிப் பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் ஹெச்.ஆரை மனதார வைதேன். அப்புறம் மூச்சு வாங்கியதில் வைவதற்கும் முடியவில்லை. உச்சியில் காற்று முகத்தில் அடித்தது. வியர்வை காய்ந்தது. என் டீம் பிள்ளைகளின் முகத்தை முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். அந்த அனிதாவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்று மூன்று வருடமாக எனக்குத் தெரியாது.

டீமில் பன்னிரண்டு பேர். இன்று பதினோரு பேர்தான் வந்தோம். சிவநேசன் வரவில்லை. ஆபீசில் யாராவது இருக்க வேண்டுமே.

டிசம்பர் 3, ஞாயிறு

ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கிறேன். ஒன்பது! பால்காரர் மணியடித்ததே கேட்கவில்லை. எழுந்து கடிகாரத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. முட்டி இரண்டும் கெஞ்சுகின்றன. மனசு மட்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருக்கிறது.

டிசம்பர் 6, புதன்

மூன்று நாளாக நான் யாரிடமும் கத்தவில்லை. நேற்று பில்ட் உடைந்து மென்பொருள் ஓடாமல் நின்றது. "சரி, பாத்துக்கலாம்" என்றேன். எதிரே நின்றவன் என்னைப் பேய் அறைந்தவன் போலப் பார்த்தான். பிரஷர் நூற்று நாற்பத்திரண்டு. டாக்டர் மாத்திரையை மாற்றியதாலா, மலையாலா என்று தெரியவில்லை. மலை என்று ஒத்துக்கொண்டால் ஹெச்.ஆர். பெண் தலையில் தூக்கி வைத்து ஆடுவாள்.

டிசம்பர் 9, சனி

மாலை பூரணி வந்தாள். சிவநேசனின் மனைவி. பொள்ளாச்சிப் பெண், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, நெட்டைக் கொக்கு. ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, அடுத்த தடவ அவரையும் கூட்டிட்டுப் போங்க. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு. ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் ஓடச் சொல்லிக் குடுக்கறேன், வூட்டுக்காரரு வெயிலப் பாத்தே ரெண்டு வருசமாச்சு. சோறு திங்கறப்பவும் காதுல அந்த ஹெட்போன் கருமாந்திரம்தான்."

"அவன் என் பேச்சை மட்டும் கேட்பானாக்கும்?"

"உங்க பேச்சத்தானுங்க்கா கேப்பாரு. நீங்க பொறுப்பா கூட்டிட்டுப் போனா வருவாரு."

பார்க்கிறேன் என்றேன். கொய்யா நல்ல ருசி.

டிசம்பர் 15, வெள்ளி

நாளை மலை. நாளையே புது மென்பொருள் ரிலீஸ். ஜெர்மன்காரனுக்குப் பகல் ஒன்றரை மணிக்கு ஒருவர் விளக்கம் சொல்லியாக வேண்டும், அதுவும் சிவநேசனால்தான் முடியும். மேனேஜர் ரகோத்தமன் கூப்பிட்டார். "மலைக்கும் பன்னெண்டு பேரும் போகணும், அட்டென்டன்ஸ் மேல வரைக்கும் போகுது. ஜெர்மன்காரங்களோட போன் காலும் நடக்கணும். எப்படியாவது மேனேஜ் பண்ணுங்க செண்பகம்."

மேனேஜ் பண்ணுவதற்குத்தானே சம்பளம். பண்ணிக்கொள்ளலாம்.

டிசம்பர் 16, சனி

சிவநேசனைக் காணவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

கிடைத்துவிட்டான். உயிரோடு இருக்கிறான்.

நேற்று உச்சிக்கு எல்லோரும் போனோம். சிவநேசனும் வந்தான். மூச்சிரைக்க வந்து நின்று, வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தான். ஆறு வருடத்தில் அவன் பல்வரிசை முழுதாகத் தெரிந்தது நேற்றுதான். சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். வழியில் தட்டைப்பாறை என்று ஓர் இடம். அதன் பிறகு அவன் பின்தங்கியிருக்கிறான். எதற்கோ ஒதுங்கியிருக்கலாம். கீழே ஓடைக்கரையில் நின்று பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தோம். எல்லோரும் இருப்பதாகத்தான் கணக்கு வந்தது. வேனுக்கு வந்து பார்த்தால் ஆள் இல்லை.

நாலரை மணிக்கு மஞ்சு இறங்கிவிட்டது. பத்தடிக்கு அந்தப் பக்கம் மரம் தெரியவில்லை. நஞ்சன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. டார்ச்சும் கயிறும் எடுத்துக்கொண்டு மேலே போனார். அவர் குடியிருப்பிலிருந்து இன்னும் நாலு பேர் போனார்கள். நாங்கள் வேனில் உட்கார்ந்திருந்தோம். துணிப்பையில் இருந்த போன்கள் மட்டும் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தன.

காலை ஆறு இருபதுக்கு நஞ்சன் அவனை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். மாட்டுத்தடம் ஒன்று பக்கவாட்டில் பிரிகிறதாம். அதில் போய் ஓர் ஓடைப்பள்ளத்தில் விழுந்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. உதடு நீலம். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. நான் செத்துவிட்டான் என்றே நினைத்தேன். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று அனிதா வந்து என் வாயைப் பொத்திய பிறகுதான் தெரிந்தது.

இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் கை மீறியிருக்கும் என்றார் டாக்டர். நான் என்ன செய்ய முடியும்? பின்தங்கினால் குரல் கொடுக்க வேண்டியது அவனல்லவா?

டிசம்பர் 18, திங்கள்

ரகோத்தமன் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அறிக்கை தயாராகவே வைத்திருந்தார். 'ஊழியர் தன் சொந்தத் தேவைக்காகக் குழுவிலிருந்து விலகிச் சென்றார். வழிகாட்டி ஆட்களைச் சரியாக எண்ணத் தவறினார்.' கீழே என் பெயர்.

"சிவநேசனும் இதையேதான் சொல்றாரு. ஒதுங்கப் போனேன்னு. நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா இன்ஷூரன்ஸ் சிக்கல் இல்லாம முடிஞ்சிடும்."

அவனே அப்படிச் சொன்னானா என்று மறுபடி கேட்டேன். பிறகு போட்டேன். பேனா மட்டும் இரண்டு தடவை எழுத மறுத்தது. மை தீர்ந்த பேனா.

டிசம்பர் 20, புதன்

ஆஸ்பத்திரி. காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். சிவநேசன் மருந்து மயக்கத்தில் கிடந்தான். பூரணி என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அங்க இருந்ததுனாலதானுங்க்கா உசுரோட வந்தாரு. கீழயே விடியவிடிய உக்காந்திருந்தீங்களாமே."

அவளுக்கு ஃபிளாஸ்க்கில் காபி வாங்கிக் கொடுத்தேன். ஆப்பிள் நறுக்கினேன். நாளையும் வருகிறேன் என்றேன்.

டிசம்பர் 21, வியாழன்

ஆஸ்பத்திரி. இட்லி கொண்டுபோனேன். துணி மாற்ற உதவினேன். பிரஷர் நூற்றெழுபது. பரவாயில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

மலையேற்றக் குழுவிலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்திருக்கிறது. கவனக்குறைவாக நடந்துகொண்ட வழிகாட்டி நஞ்சனை நீக்கிவிட்டார்களாம். அந்தப் பக்கம் இருக்கும் வேறு குழுக்களுக்கும் பெயரை அனுப்பிவிட்டார்களாம், இனி யாரும் சேர்க்காதபடிக்கு. கம்பெனிக்குத் திருப்தி. எல்லோருக்கும் அந்த மெயிலை அனுப்பி, கீழே ஒரு பூங்கொத்துப் படம் போட்டிருக்கிறார்கள்.

ராத்திரியெல்லாம் அவனைத் தேடி முதுகில் சுமந்துகொண்டு வந்த மனுஷனை! மெயிலை மூன்று தடவை படித்தேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

சரி, எழுதித் தொலைக்கிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள்.

அடிவாரத்தில் போனைப் பையில் போடும்போது சிவநேசனிடம் நான்தான் சொன்னேன், "உன் போனைப் போடு, ஆபீஸ் போனை மட்டும் சாக்ஸுக்குள்ள வச்சுக்க." கேட்டவரிடம் "எல்லாம் போட்டாச்சு" என்று சொன்னதும் நான்தான். மலையில் தட்டைப்பாறைப் பக்கம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்று முதல் தடவையே விசாரித்து வைத்திருந்தேன். ஒன்று இருபத்தைந்துக்கு அங்கே அவனை உட்கார வைத்தேன்.

"அக்கா, எல்லாரும் போயிருவாங்களே."

"பேசி முடிச்சிட்டுப் பின்னாலயே வந்துரு. பாதை ஒண்ணுதான். போன் காலை மட்டும் பாதியில விட்றாத, ரகோத்தமன் என் உசுர எடுத்துருவாரு. நான் இங்க சமாளிச்சுக்கிறேன்."

சிரித்தான். உச்சியில் சிரித்த அந்தச் சிரிப்பின் மிச்சம்.

ஓடைக்கரையில் பட்டியல் என் கையில் இருந்தது. வாசித்தது நான். இதை எப்படிச் சொன்னால் புரியும்? எங்கள் டீமில் தினமும் காலை ஒன்பதேகாலுக்கு ஆன்லைனில் பெயர் கூப்பிடுவார் ரகோத்தமன். எவனாவது இன்னும் பல் தேய்த்துக்கொண்டிருப்பான், எவளாவது பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார்: "இருக்காங்க சார், மைக் ஆஃப்ல இருக்கு." ஆறு வருடமாக ஒருவருக்கொருவர் இப்படித்தான் காப்பாற்றிக்கொள்கிறோம். எங்களுக்குள் அதுதான் நன்றி, அதுதான் நட்பு. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்காகச் சிவநேசன் நூறு தடவை சொல்லியிருப்பான்.

காட்டில் நின்றுகொண்டு 'சிவநேசன்' என்று வாசித்தேன். பதில் இல்லை. என் வாய் தானாகவே சொன்னது: "இருக்கான்." அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். டீமில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது பொய்யாகவே படவில்லை.

வேனுக்கு மூன்றேகாலுக்கு வந்துவிட்டோம். நாலரை வரைக்கும் நான் யாரிடமும் சொல்லவில்லை. வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சு இறங்காமல் இருந்திருந்தால் இன்னும் அரை மணி கூடக் காத்திருந்திருப்பேன். அடிப்பாவி, ஒன்றேகால் மணி நேரம்!

டிசம்பர் 26, செவ்வாய்

அந்த ஜெர்மன்காரன் மெயில் போட்டிருக்கிறான். பதினாறாம் தேதி விளக்கம் பிரமாதமாம். பதிவை எல்லோரும் கேட்கலாமாம். சிவநேசனுக்குப் பாராட்டு.

பகல் ஒன்றரையிலிருந்து ஐம்பத்தைந்து நிமிடம் பதிவாகியிருக்கிறது. மீட்டிங் ரூமைப் பூட்டிக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். முதலில் அவன் சாதாரணமாகத்தான் பேசுகிறான். முப்பத்தெட்டாவது நிமிடம் ஷூ சத்தமும் இலைச் சத்தமும் கேட்கிறது. கூட்டத்தைப் பிடிக்க வேண்டுமென்று பேசிக்கொண்டே நடக்க ஆரம்பித்திருக்கிறான். நாற்பத்து நாலாவது நிமிடம் கல் சரியும் சத்தம். ஒரு அலறல், பாதியில் அறுந்துபோன மாதிரி. பிறகு ஒன்றுமே இல்லை.

அந்தப் பக்கத்திலிருந்து, கேட்கிறதா, கேட்கிறதா என்று கேட்கிறார்கள்.

அதன் பிறகு அவன் குரல். "சாரி. இங்க கொஞ்சம் சிக்னல் சரியில்லை. எங்க விட்டேன்?" என்று இங்கிலீஷில் கேட்கிறான்.

கால் இரண்டாக உடைந்த மனுஷன் விட்ட இடத்திலிருந்து பேசுகிறான்! பதினோரு நிமிடம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சை இழுத்துப் பிடிக்கிறான். கடைசியில், இன்னொரு சந்தேகம் என்கிறான் அந்த ஜெர்மன் பாவி. அதற்கும் பதில் சொல்கிறான். "ஷ்யூர்" என்கிறான். நடுவாக்கியத்தில் சத்தம் நின்றுபோகிறது. சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பதினோரு நிமிடத்தில் அந்தப் பேச்சைத் துண்டித்துவிட்டு ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருந்தால் இரண்டரை மணிக்கே ஆள் போயிருக்கும். காலைப் பாதியில் விடாதே என்று நான் சொல்லியிருந்தேன்.

ரகோத்தமனிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்! மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. "அந்த ஃபைலை எடுக்கச் சொல்லியாச்சு செண்பகம். நீங்களும் வச்சுக்காதீங்க. போனை வச்சிருக்கச் சொன்னது யாருங்கற கேள்வி வரும். உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

எடுப்பதற்குள் நான் என் லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

டிசம்பர் 28, வியாழன்

லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து நஞ்சன் குடியிருப்புக்குப் போனேன். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. செங்கல் சூளைக்கு மண் ஏற்றப் போயிருந்தார். மனைவி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். கை காலெல்லாம் செம்மண்ணோடு வந்து நின்றார்.

"மேடமுங்களா! அந்தத் தம்பி எப்படி இருக்குதுங்க? கால் தேறிக்குமுங்களா?"

என்னைப் பார்த்ததும் மனுஷன் கேட்ட முதல் கேள்வி அதுதான். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாக்ஸுக்குள் போன், தட்டைப்பாறை, பெயர் வாசித்தது, கையெழுத்துப் போட்டது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஓடையத் தாண்டறப்ப நானும் தலைய எண்ணுனேனுங்க. பதினோரு பேருதான் இருந்துச்சு. ரெண்டாவது தடவயும் எண்ணுனேன். அதுக்குள்ள நீங்க அந்தத் தம்பி பேரச் சொல்லி, இருக்கான்னு சொல்லிட்டீங்க. கையில காயிதம் வச்சுட்டுச் சொல்றீங்க. நாந்தான் தப்பா எண்ணீட்டனாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

"இதை உங்க குழுக்காரங்ககிட்ட நீங்க சொல்லலையா?"

"சொன்னனுங்க. மேடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க, நீதான் தூங்கியிருப்பேன்னுட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட்ட காயிதத்தையுங் காட்டுனாங்க. அதுக்கு மேல நா என்னத்தப் பேசறது?"

அவர் மனைவி கடுங்காபி கொடுத்தாள். குடிக்க முடியவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது. "எம் பேருல தப்புதானுங்க மேடம். எங் கண்ணு எண்ணுனத உட்டுப்போட்டு உங்க பேச்ச நம்புனனில்லீங்களா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபமே இல்லாமல், நிஜமாகவே தன் தப்பு என்று நம்பிச் சொன்னார். பஸ்ஸில் கோயம்புத்தூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், வீட்டில் துக்கமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 29, வெள்ளி

நாலு பக்கம் எழுதினேன். நடந்தது நடந்தபடி. அறிக்கையில் நான் போட்ட கையெழுத்து பொய்க்குப் போட்டது என்று முதல் வரியிலேயே எழுதினேன். நஞ்சன் சரியாகத்தான் எண்ணினார் என்பதை இரண்டு தடவை எழுதினேன். மலையேற்றக் குழுவுக்கு ஒன்று, கம்பெனித் தலைமைக்கு ஒன்று, அந்தப் பதிவோடு அனுப்பினேன். பூரணிக்கும் ஒரு பிரதி போட்டேன். அவளுக்கு அனுப்பும்போதுதான் விரல் நின்றது. கால் மணி நேரம் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழுத்திவிட்டேன்.

ஜனவரி 3, புதன்

என்னை லீட் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டும். ரகோத்தமனையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். நஞ்சனை மறுபடி வரச் சொல்லியிருப்பதாகக் குழுவிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. மற்ற குழுக்களுக்கும் திருத்தி எழுதிவிட்டார்களா என்று கேட்டு உடனே பதில் போட்டேன். எழுதிவிட்டார்களாம்.

அம்மா போனில், "என்னத்துக்குடீ இப்படித் தலையக் குடுத்த?" என்று கத்தினாள். பூரணியிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜனவரி 7, ஞாயிறு

அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூப்பிடாமல்தான் போனேன். பூரணி கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, வழியை மறிக்கவும் இல்லை. சிவநேசன் சன்னலோரக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கட்டிலுக்கு எதிரே இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க்கா, எட்டு நாளு எங்கூடவே உக்காந்து ஆப்பிள் நறுக்குனீங்களே" என்றாள் பூரணி. குரலை உயர்த்தவில்லை. "ஒரு நாளாச்சும் சொல்லணும்னு தோணலயா உங்களுக்கு? நானு உங்க கையப் புடிச்சு நன்றி வேற சொன்னேன்."

"தோணுச்சு. பயமா இருந்துச்சு. தப்புதான் பூரணி. மன்னிச்சுக்கோன்னு கேக்கிறதுக்கும் எனக்கு வாய் இல்ல."

"அவங்கள உடு, பூரணி" என்றான் சிவநேசன். "ஒதுங்கப் போனேன்னு நானுந்தான் பொய் சொன்னேன்."

"நீ ஏண்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். மூன்று வாரமாக அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒரு சின்ன ஆறுதல் கூட எனக்கு இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உண்மையச் சொன்னா, போன் செத்ததும் என்ன பண்ணுனேன்னு கேப்பாங்கக்கா. அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல. அதுதான். மொதல்ல ஒரு ஆறேழு தடவ கத்துனேன். அப்புறம் கத்தல. போனு அணைஞ்சு கருப்பாக் கெடந்துச்சு. அதையே பாத்துட்டு இருந்தேன். இனி இது அடிக்காதுன்னு திடீர்னு புரிஞ்சுச்சு. யாராலயும் என்னக் கூப்புட முடியாதுன்னு. மல்லாந்து படுத்துட்டேன். மஞ்சு கலைஞ்சப்ப மேல அவ்வளவு நட்சத்திரம். கால் உசுரு போற மாதிரி வலி. குளுரு வேற. செத்துருவேன்னுதான் நெனச்சேன். ஆனாலும் நிம்மதியா இருந்துச்சுக்கா. எனக்குக் கல்யாணம் ஆன அன்னைக்குக் கூட அவ்வளவு நிம்மதி இல்ல. நஞ்சன் அண்ணன் எம் பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டே வந்தாரு. மூணு தடவ கேட்டுச்சு. நான் பதில் குடுக்கல."

பூரணி கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பு தரையில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள். "கேட்டும் பேசாம இருந்தீங்களா? நான் இங்க..."

"நாலாவது தடவ அவரு டார்ச்சு எம் மேலயே பட்டுருச்சு" என்றான் சிவநேசன். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னான்.

தரையில் தண்ணீர் பரவி என் கால் வரைக்கும் வந்தது. காலை நகர்த்தத் தோன்றவில்லை. பூரணி புருஷனைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். அவள் பார்த்தது சரிதான். ஆறு வருடமாக அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள் நான்.